தடைக்காலம் முடிவதற்குள் ஒரு குறும்படம்

பதினொரு வருஷம் ஃபேஷன் போட்டோகிராபி. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக்கடைகளுக்கு தீபாவளி கேட்டலாக் எடுத்துத்தான் தொழில் பழகினேன். படம் இயக்கலாம் என்ற தைரியத்தைக் கொடுத்தவர் கே.வி. ஆனந்த். பத்திரிகைகளுக்குப் படம் எடுத்தவர், 2005-ல் இயக்குநராகிவிட்டார். நடுவில் பத்து வருஷத்துக்கு மேல் அவர் ஒளிப்பதிவாளராக உழைத்ததை நான் யோசிக்கவே இல்லை.

முதல் குறும்படம் காசிமேட்டில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். வருமானமில்லாத அந்த நாட்களில் ஒரு அப்பாவும் மகளும், அவ்வளவுதான் கதை.

லைட்டிங் சீக்கிரம் பிடிபட்டது. டியூப்லைட் வெளிச்சத்தில் காட்சியில் கறுப்புப் பட்டை ஓடாமலிருக்க, நம்மூர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஏற்ப கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 நொடியில் வைத்தால் போதும்.

ஆட்களிடம்தான் திணறினேன். அப்பாவாக நடித்தவர் நிஜமாகவே தொழிலுக்குப் போகிற பெரியவர். பழக்கதோஷத்தில் “தாடையை இறக்குங்க, அப்படியே நில்லுங்க” என்றேன். “அப்டியே நின்னா வலைய எப்டி பின்றது தம்பி?” என்றார். அப்புறம் நான் வாய் திறக்கவில்லை, கேமரா மட்டும் ஓடியது. ஊசியை நுழைத்தார், முடிச்சை இழுத்தார், மிச்ச நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுக் கடலைப் பார்த்தார். ஸ்டில் என்றால் அந்தப் பார்வையை மட்டும் எடுத்திருப்பேன். அதற்கு முன்னால் நூலைக் கடித்த அந்த ரெண்டு நொடியில்தான் அவருடைய கோபம் முழுக்க இருந்தது.

எடிட்டர் பார்த்துவிட்டு, “ஒவ்வொரு ஷாட்டும் அழகா இருக்கு, ஆனா ஒண்ணோட ஒண்ணு ஒட்டலையே” என்றார். அப்பா பேசுகிறார், மகள் கேட்கிற முகம் எங்கேயும் இல்லை. நான் எடுக்கவே இல்லை.

மறுபடி எடுக்கப் போனது ஜூன் 16. பின்னணியில் இருந்த படகுகள் ஒன்றுகூட இல்லை, பெரியவரும் கடலுக்குப் போய்விட்டார். வலைக்குவியலுக்கு எதிரே அந்தப் பெண்ணை உட்கார வைத்து, கேமராவுக்குப் பக்கத்தில் நான் குந்திக்கொண்டு அப்பாவின் வசனத்தைப் படித்தேன். மூன்றாவது டேக்கில் அவள் தலை குனிந்தது. படத்தில் இருப்பது அதுதான்.

இப்போதும் மாதம் பத்து நாள் கேட்டலாக் ஷூட் போகிறேன், வீட்டு வாடகை அதில்தான். மற்ற நாட்களில் அடுத்த கதைக்கு ஷாட் பிரித்துக்கொண்டிருக்கிறேன். நோட்டில் பேசுபவர் பெயருக்குப் பக்கத்திலேயே கேட்பவர் பெயரையும் எழுதிவிடுகிறேன்.