முருங்கைக்காய் எலும்பும் கொத்து பரோட்டா வாளும்

நண்பர் ஒருவர் கோடோ (Godot) என்கிற, கேம் உருவாக்கும் மென்பொருளில் சின்னதாக ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருக்கிறார். பாழடைந்த கோட்டை, வாள் சண்டை, கல் கதவுகள், நிலவறையில் ஒரு பூதம். ஒலிகள் என் பொறுப்பு. இலவச ஒலிகள் இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. ஆனால் கேம் ஆடுகிற காதுக்கு அவை எல்லாம் பழகிப்போனவை. அதனால் வீட்டிலும் தெருவிலும் கிடைப்பதைப் பதிவு செய்து, மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் சிந்தசைசரோடு சேர்த்து நானே செய்து பார்க்கிறேன். இதுவரை தேறியவை இவை.

எலும்பு முறிகிற ஒலிக்கு செலரித் தண்டை ஒடிப்பது சினிமாவில் பழைய வழக்கம். நமக்கு அதைவிட நல்ல பொருள் முருங்கைக்காய். காலையில் மாம்பலம் மார்க்கெட்டில் வாங்கிய காய் ‘படக்’கென்று ஒடியும், மறுநாள் வரை வைத்தால் துவண்டு வளைந்துகொடுக்கும். மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து மெதுவாக வளைத்தால் முதலில் உள்ளே பொடிப்பொடியாக நெறிபடும், அப்புறம் ஒரே வெடிப்பு, கடைசியில் நார் உரிகிற ஈரமான இழுவை. அந்த நார்ச் சத்தம்தான் கேட்பவரை முகம் சுளிக்க வைக்கும். பதிவைப் பாதி வேகத்தில் ஓட்டிச் சுருதியை ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே இறக்கினால் மனித எலும்பு, இரண்டு இறக்கினால் பூதத்தின் எலும்பு.

இறக்கப் போகிற எதையும் 96 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 96,000 மாதிரிகள் எடுத்து, பதிவு செய்வது நல்லது. 48-ல் எடுத்தால் அதில் பாதியான 24 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிதான் பதிவாகும்; அதைப் பாதி வேகத்தில் ஓட்டினால் 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே மிஞ்சாது. போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல மந்தமாகிவிடும்.

வாளுக்குத் தெருமுனை பரோட்டாக் கடை. கடை மூடுகிற நேரத்தில் போய் நின்றேன். “மாஸ்டர், பரோட்டா போடாம வெறும் கல்லுல கொஞ்சம் தட்டுங்களேன்.”

“வெறுங்கல்லுல தட்டுனா தெருவுக்கே கேக்குமே தம்பி, பரவால்லையா?”

“அதுதான் மாஸ்டர் வேணும்.”

அவர் தட்டியது அற்புதம். ஆனால் கனமான கல்மேல் படுவதால் அந்த ஒலி சட்டென்று அடங்கிவிடுகிறது. வாள் என்றால் அடித்த பிறகும் ரீங்கரிக்க வேண்டும். அங்கேதான் சிந்தசைசர் வருகிறது. வைட்டல் என்கிற இலவச சிந்தசைசரில் ஒரு ஆஸிலேட்டரின் (ஒலி அலையை உண்டாக்கும் பகுதி) அதிர்வெண்ணை இன்னொன்றால் வேகமாக அசைத்தேன்; இதற்குப் பெயர் எஃப்.எம். இரண்டாவதை 6 செமிடோன் (அரைச்சுரம்) மேலே வைத்தால் அதிர்வெண் விகிதம் 1.414. எளிய முழு எண்களின் விகிதமாக இல்லாததால் எழும் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று இசையாமல் உலோகமாக ஒலிக்கும். எஃப்.எம். அளவை வேகமாகக் குறையவிட்டால், நிஜ உலோகத்தில் நடப்பது போலவே கூர்மை முதலில் மறைந்து ரீங்காரம் மட்டும் நிற்கிறது. 1967-ல் ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டுபிடித்த வழி இது. 1983-ல் யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டு வழியாக உலகம் முழுக்கப் பரவியது.

முதல் 30 மில்லிசெகண்ட் மாஸ்டரின் தட்டு, அதற்குப் பிறகு வைட்டல். இந்த வரிசையை மாற்றிப் பார்த்தால் பொம்மை வாளாகிவிடுகிறது. ஒரு பொருள் என்னவென்று காது முடிவு செய்வது அந்த முதல் உரசலில்தான். அதனால் தொடக்கம் எப்போதும் நிஜப் பதிவிலிருந்தே வர வேண்டும் என்பது இப்போது என் உறுதியான கருத்து. நீளமும் கனமும் சிந்தசைசரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கல் கதவுக்கு அம்மியும் குழவியும். இதில் சிக்கல் சென்னை: காக்கை, ஹாரன், மின்சார ரயில், விடியற்காலையில் தண்ணீர் லாரி. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கிற, அதிர்வை மின்சாரமாக மாற்றும் பீசோ தகடு இதற்குக் கைகொடுத்தது. அதை அம்மியின் அடியில் ஒட்டிவிட்டால் கல்லின் அதிர்வு மட்டும்தான் பதிவாகிறது; காற்றில் வருகிற சத்தம் அதற்கு அநேகமாகக் கேட்பதில்லை. மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் கிடார் செருகுகிற இன்புட்டில்தான் கொடுக்க வேண்டும், சாதாரண லைன் இன்புட்டில் கொடுத்தால் அடிநாதம் முழுக்கப் போய்விடும். காய்ந்த அம்மியில் குழவியை மெல்ல இழுத்து, அதையும் ஒரு ஆக்டேவ் இறக்கியபோது ஆளுயரக் கதவு நகர்ந்தது. கேட்டதும் உடம்பு சிலிர்த்தது.

கோடோவில் ஆடியோஸ்ட்ரீம் ரேண்டமைசர் இருக்கிறது. ஒரே அடிக்கு நாலைந்து பதிவுகளைக் கொடுத்தால், அடுத்தடுத்து ஒன்றே வராமல் மாற்றி மாற்றி ஒலிக்கும். சுருதியையும் லேசாகக் கலைக்கும். வாள் சண்டைக்கு இது கட்டாயம் வேண்டும்.

பூதத்தின் உறுமலுக்கு அடியில் 50 ஹெர்ட்ஸ் சைன் அலை (மேல்சுரமே இல்லாத தூய ஒலி) இருக்கிறது. பெரும்பாலானோர் போனில்தான் ஆடுவார்கள், அந்தச் சின்ன ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் வராது. அலையை லேசாகச் சிதைக்கும் சாச்சுரேஷனை ஏற்றினால் 150, 250 என்று மேலே மேலே ஹார்மோனிக்ஸ் (மேல்சுரங்கள்) முளைக்கின்றன. அவற்றைக் கேட்டே காது அடியில் இல்லாத 50-ஐயும் தானாக நிரப்பிக்கொள்கிறது. இயர்போனில் நெஞ்சில் இடிக்கிற உறுமல், போனில் கரகரப்பான மிரட்டலாகக் கேட்கிறது. இரண்டுமே எனக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்தது காலடிகள். கடற்கரையில் அலையும் காற்றும் பதிவைக் கெடுக்கும் என்பதால் மணலை வீட்டுக்கே வரவழைக்கிறேன். பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிற மேஸ்திரியிடம் ஒரு பாண்டு எம்-சாண்ட் சொல்லி வைத்திருக்கிறேன்.