கள்ளிமடலில் விளையும் சிவப்பு

சிவப்பைத் தேடித்தான் தெயோதித்லான் தெல் வாயே போனேன். கண்ணில் பட்டதென்னவோ வெள்ளை. சப்பாத்திக்கள்ளி மடல்களில் அங்கங்கே பூசணம் பூத்த மாதிரி மாவு ஒட்டியிருந்தது. மாவுப்பூச்சியோடு மல்லுக்கட்டிய யாரும் அதைப் பார்த்ததும் மருந்துதான் அடிப்பார்கள். இங்கே அதற்குத் தனிக் கொட்டகை போட்டு வளர்க்கிறார்கள்! அந்த மாவுக்குள் இருப்பது கொச்சினீல் என்ற பூச்சி, நான் தேடி வந்த சிவப்புச் சாயம் அதன் உடம்பிலிருந்துதான் வருகிறது.

மெக்சிகோவின் வஹாக்கா நகரத்திலிருந்து கிழக்கே சுமார் 30 கி.மீ. தூரத்தில் இருக்கும் சபோடெக் மக்களின் ஊர் இது. கம்பளி விரிப்பு நெசவுக்குப் பேர்போனது. நான் நுழைந்த வீட்டின் முற்றத்தில் வெட்டிய கள்ளிமடல்களை நிழலில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். மழை பட்டால் பூச்சி கழுவிக்கொண்டு போய்விடும். அதைத் தின்னக் காத்திருக்கும் புழுக்களும் உண்டு.

வீட்டுப் பாட்டி ஒரு குச்சியால் மாவைக் கிளறி, மிளகைவிடச் சிறிய உருண்டை ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். "நசுக்குங்க" என்று சைகை. விரல் பட்டதும் கை முழுக்க ரத்தச் சிவப்பு. அதன்மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டார், ஆரஞ்சுக்கு மாறியது. சமையல் சோடாவை ஒரு சிட்டிகை தூவினார், ஊதாவாகிவிட்டது. புளிப்புக்கும் காரத்துக்கும் ஏற்ப நிறம் மாறுவது கார்மினிக் அமிலத்தின் குணம். எறும்பு போன்ற எதிரிகளை அண்டவிடாமல் இருக்கப் பூச்சி தன் உடம்பில் சேர்த்து வைக்கும் அமிலம் அது. காய்ந்த பூச்சியின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இதுதான்.

சாயத்துக்குப் பெண் பூச்சிதான் உதவும். சிறகு கிடையாது. கள்ளியில் ஊசி போன்ற வாயைக் குத்தி உட்கார்ந்தால் சாகும்வரை அதே இடம். சிறகு முளைக்கும் ஆணுக்கோ சில நாள்தான் ஆயுசு, சாப்பாடுகூட இல்லை. சுமார் மூன்று மாதத்தில் பெண் பூச்சி பருத்ததும் தூரிகையால் மெல்லத் தள்ளி எடுத்துக் காய வைக்கிறார்கள். காய்ந்த சரக்கு ஒரு கிலோ சேர ஒன்றரை லட்சம் பூச்சி அளவுக்கு வேண்டும். அந்தக் கணக்கைக் கேட்டபின் தூரிகை பிடித்த கையிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

காய்ந்த பூச்சியைக் கல்லில் அரைத்து, கொதிக்கும் தண்ணீரில் கரைத்து, படிகாரத்தில் ஊறிய கம்பளி நூலை அதில் இறக்குகிறார்கள். படிகாரம் இல்லையென்றால் சாயம் நூலில் நிற்காது. ஈரக் கம்பளி வேகும் வாடை எல்லோருக்கும் ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்பெயின் ஆண்ட காலத்தில் மெக்சிகோவிலிருந்து கப்பலேறிய சரக்குகளில் வெள்ளிக்கு அடுத்த மதிப்பு இதற்குத்தான். காய்ந்துவிட்டால் தானியம் போலத்தான் இருக்கும் என்பதால், இது விதையா பூச்சியா என்று ஐரோப்பாவில் வெகுகாலம் வாதம் நடந்தது. 1777இல் தியெரி த மெனோன்வில் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் வஹாக்காவுக்கு வந்து, பூச்சியோடு கள்ளிமடல்களைப் பெட்டியில் ஒளித்துக் கரீபியத் தீவுக்குக் கடத்திப் போனார். கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் அதே ஆசை. ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டமே போட்டார். 1795இல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்ததோ மட்டமான காட்டுவகைப் பூச்சி.

கடத்தல் கதை கேட்க ருசியாகத்தான் இருக்கிறது. எனக்கு உறுத்தியது வேறு. ஸ்பானிய அதிகாரிகள் பழங்குடிகளுக்கு முன்பணம் கொடுத்துக் கடனாளியாக்கி, கடனைப் பூச்சியாகவே வசூலித்தார்கள். வஹாக்கா நகரத்தின் சாந்தோ தொமிங்கோ தேவாலயத்தில் தங்கம் இழைத்த கூரையை அண்ணாந்து பார்க்கும்போது, இந்த ஊரைச் செல்வமாக்கிய தூரிகைக் கைகளுக்கு அதில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் செயற்கைச் சாயம் வந்து இந்தத் தொழிலைச் சாய்த்தது. இன்று அதிகம் விளைவது பெருவில். உணவுப் பொட்டலத்தில் இ120 (E120) என்ற நிறமூட்டிக் குறியீடு போட்டிருந்தால் அது இந்தப் பூச்சியின் சாயம்தான். சைவம் பார்க்கிறவர்கள் கவனியுங்கள், உதட்டுச் சாயத்திலும் உண்டு.

போகிறவர்களுக்கு: கடைகளில் தொங்கும் சிவப்பு எல்லாமே பூச்சிச் சிவப்பு இல்லை, செயற்கைச் சாயமும் கலந்துதான் விற்பனையாகிறது. சாயம் போடுவதைக் காட்டும் வீட்டில் விசாரித்து வாங்குவது நல்லது. ஞாயிறு என்றால் பக்கத்திலுள்ள த்லாகோலுலா சந்தையையும் சேர்த்துக்கொள்ளலாம். நகரத்துக்குத் திரும்பியதும் தேவாலயத்தின் பின்னால் இருக்கும் தாவரத் தோட்டத்துக்குப் போங்கள். அங்கேயும் கள்ளியில் இந்தப் பூச்சி உண்டு. வழிகாட்டியோடு மட்டும்தான் உள்ளே விடுவார்கள் என்பதால் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.