பாட்டு முதலில், பாடம் அப்புறம்

தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் வரிசையாக எழுதித்தான் நடத்தினேன். 1948இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது, 1950இல் எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிகள் சட்டம், 1960இல் ஷார்ப்வில்லில் போராடியவர்கள்மீது போலீஸ் சுட்டதில் 69 பேர் கொலை. மாணவர்கள் தேர்வில் சரியாகவே எழுதினார்கள். ஆனால் வகுப்பில் ஒரு கேள்விகூட வந்ததில்லை. அதுதான் மனதை உறுத்தியது.

ஒரு வருடம், பாடத்தைத் தொடங்கும் முன் 'மெடோலாண்ட்ஸ்' பாட்டைப் போட்டேன். ஸ்ட்ரைக் விலகாசி 1950களில் எழுதியது. எதைப் பற்றியது என்று சொல்லவில்லை. துள்ளலான மெட்டு, கடைசி பெஞ்சில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்கள். "கல்யாணப் பாட்டா சார்?" என்று கேட்டாள் ஒரு மாணவி.

அப்புறம்தான் சொன்னேன். ஜோகன்னஸ்பர்கில் சோஃபியாடவுன் என்று ஒரு பகுதி. கறுப்பின மக்கள் சொந்தமாக மனை வாங்க முடிந்த மிகச் சில நகர்ப்புற இடங்களில் ஒன்று. 1955 பிப்ரவரியில் சுமார் 2,000 போலீஸார் சூழ்ந்து நிற்க, அங்கிருந்தவர்களைத் தட்டுமுட்டுச் சாமான்களோடு லாரியில் ஏற்றி மெடோலாண்ட்ஸுக்குக் கொண்டுபோனார்கள். வீடுகளை இடித்து வெள்ளையர் குடியிருப்பு கட்டி, அதற்கு 'வெற்றி' என்று பொருள்படும் பெயரையும் வைத்தார்கள். பாட்டு, மெடோலாண்ட்ஸுக்குப் போவோம் என்கிறது. ஆனால் நடுவில், தெருவில் புழங்கிய கலப்பு மொழியில், நகரமாட்டோம், இங்கேதான் இருப்போம் என்று ஒரு வரி வந்துபோகும். அதிகாரிகள் இதைத் தங்களுக்கு ஆதரவான பாட்டு என்றே நினைத்தார்களாம்.

தாளம் போட்டவர்களில் ஒருவன் கையை எடுத்துவிட்டான். "இன்னொரு தடவை போடுங்க சார்" என்றான். இந்த முறை கேட்டுவிட்டு, மனைக்குச் சொந்தக்காரர்களுக்குப் பணம் கொடுத்தார்களா, அந்த வரி புரிந்தும் போலீஸ் சும்மா இருந்ததா என்று கேள்விகள் வந்தன. பதில் தேடி நான் நூலகத்துக்குப் போக வேண்டியிருந்தது.

ஷார்ப்வில்லில் இறந்தவர்கள் 69 பேர் என்ற எண்ணைப் பாட்டு தராது. அதற்கு ஆவணம்தான் வேண்டும். ஆனால் 'மாட்டோம்' என்ற சொல்லை ஒரு ஜனம் எங்கே ஒளித்து வைத்தது என்பதை எந்தச் சட்டநூலும் சொல்வதில்லை. வுயிசிலே மினியின் பாட்டும் அப்படித்தான். பிரதமர் வெர்வூர்டைப் பெயர் சொல்லி எச்சரிக்கிற பாட்டு, மெட்டோ குதூகலம். தொழிற்சங்கக்காரரான மினியை 1964இல் பிரிட்டோரியாவில் தூக்கிலிட்டார்கள். பாடிக்கொண்டே போனார் என்பார்கள். அதைச் சொல்லும்போது ஒவ்வொரு வருடமும் எனக்குக் குரல் தடுமாறும்.

கடைசியாக இன்றைய தேசிய கீதத்தைப் போடுவேன். இனோக் சொன்டோங்கா 1897இல் இயற்றிய பிரார்த்தனைப் பாடலையும் நிறவெறி அரசின் கீதத்தையும் இணைத்து, 1997இல் ஐந்து மொழிகளில் அமைத்தது. "அடிச்சவங்க பாட்டை இவங்க எப்படி சார் பாட ஒத்துக்கிட்டாங்க?" என்று கேட்டாள், கல்யாணப் பாட்டா என்று கேட்ட அதே மாணவி. பாதி வகுப்பு தாங்கள் பாடியிருக்கவே மாட்டோம் என்றது, மீதிப் பாதி பாடியிருப்போம் என்றது. அன்று நான் கரும்பலகையில் எதுவும் எழுதவில்லை. மணி அடித்த பிறகும் வராந்தாவில் அந்த வாதம் கேட்டுக்கொண்டே இருந்தது.