முறை வைத்து லிங்க்

மன்னார்குடி வீட்டில் மூன்று நாளாக எல்எல்விஎம்மோடு (கம்பைலர் எழுத உதவும் ஆயத்த நிரல் தொகுப்பு) மல்லுக்கட்டு. நான் எழுதும் சின்ன நிரல் மொழிக்கு ஒரு கம்பைலர், அதாவது கோடை இயந்திர மொழிக்கு மாற்றும் நிரல். அதை பில்ட் போட, அதாவது கோடை ஓடும் நிரலாக்க, சிமேக் என்ற கருவி. 8 ஜிபி லேப்டாப்பில் எல்எல்விஎம்மை மூலத்திலிருந்து பில்ட் போட்டால், துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்க் கட்டத்தில் மெமரி தீர்ந்து உறைந்துவிடுகிறது.

அப்பா எட்டிப் பார்த்தார். "எல்லா மடையையும் ஒண்ணா தொறந்தா கடைமடைக்கு எப்படிடா தண்ணி போகும்? முறை வை."

சரிதானே! ஒரு நேரத்தில் ஒரே லிங்க் என்று பேரலல் லிங்க் ஜாப்ஸை 1 ஆக்கி, பிழை தேடும் விவரங்களால் பெருத்துப்போகும் டீபக் பில்டை விட்டு ரிலீஸ் பில்டுக்கு மாறி, பிராசஸர் வகைகளில் எக்ஸ்86 டார்கெட்டை மட்டும் வைத்தேன். ஓடிவிட்டது.

அப்புறம் என் கோடை இணைத்தால் 'டைப்இன்ஃபோ' காணோம் என்று பிழை. எல்எல்விஎம் வழக்கமாக ஆர்டிடிஐ (நிரல் ஓடும்போது டைப் விவரம் தரும் சி++ வசதி) இல்லாமல்தான் பில்ட் ஆகும். நம் பக்கமும் அதை அணைக்க வேண்டுமாம். இதற்கே ஒரு ராத்திரி போச்சு. நடுவில் கரன்ட் கட் வேறு.