சுயநினைவுடன் இருக்கிறார்

அறுவை மருத்துவர் ஓய்வு பெற்றுவிட்டால் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஆபரேஷன் டேபிளிலேயே நோயாளி இறந்துபோனால் எப்படி இருக்கும், டாக்டர்? என் பதில் அவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். அந்த மரணங்களை நான் ஓரளவு தாங்கிக்கொண்டேன். குடல் ஓட்டையோ விபத்தில் கிழிந்த கல்லீரலோ, அங்கே கைக்கு வேலை இருந்தது. பிறகு வீட்டில் தூக்கம் வராத நேரத்தில், இதைச் செய்தேன், அதையும் செய்து பார்த்தேன் என்று எனக்கே கணக்குச் சொல்லிக்கொள்ள முடிந்தது. அப்படி எந்தக் கணக்கும் சொல்ல முடியாத இடம் பர்ன்ஸ் வார்டு.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்று தனி நிபுணர் ஏது? பொது அறுவை சிகிச்சைப் பிரிவின் தலையில்தான் அதுவும் விழும். ரேஷன் மண்ணெண்ணெயும் பம்பு ஸ்டவ்வும் வீட்டுக்கு வீடு இருந்த காலம். வந்தவர்களில் பெரும்பாலோர் கல்யாணமாகிச் சில ஆண்டுகளே ஆன பெண்கள். விபத்துப் பதிவேட்டில் எழுதும் வாசகம் மாறவே மாறாது: 'சமைக்கும்போது ஸ்டவ் வெடித்ததாகக் கூறப்படுகிறது.' ஸ்டவ் உண்மையிலேயே வெடிப்பதும் உண்டு. அப்போது தீ பெரும்பாலும் முன்பக்கத்தில், புடவை பற்றிய இடத்திலிருந்து மேலே ஏறியிருக்கும். உச்சந்தலை முடியில் மண்ணெண்ணெய் நாறி, தோளும் முதுகும் வழிந்து எரிந்த உடம்பு வேறு கதை சொல்லும். எனக்குத் தெரியும், சிஸ்டருக்குத் தெரியும், வாசலில் நிற்கும் போலீஸ்காரருக்கும் தெரியும். தானே ஊற்றிக்கொண்டாளா, பிறர் ஊற்றினார்களா என்பதை மட்டும் தோல் சொல்லாது.

உடம்பில் எத்தனை சதவீதம் தோல் வெந்திருக்கிறது என்ற கூட்டல் பெருக்கலில் எங்கள் வேலை தொடங்கும். தலைக்கு 9 சதவீதம், ஒரு கைக்கு 9, ஒரு காலுக்கு 18, மார்பும் வயிறும் சேர்ந்த முன்புறம் 18, முதுகுப்புறம் 18. கிலோவில் உடல் எடையை அந்தச் சதவீதத்தாலும் பிறகு நான்காலும் பெருக்கினால் முதல் நாளில் நரம்பு வழி ஏற்ற வேண்டிய ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசலின் அளவு மில்லிலிட்டரில் வரும். அதில் பாதியைத் தீப்பட்ட நேரத்திலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். இன்னொரு கூட்டலும் உண்டு. பாக்ஸ் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1961இல் சொன்னது: வயதோடு சதவீதத்தைக் கூட்டு. 22 வயது, 70 சதவீதம் என்றால் 92. நூறை நெருங்க நெருங்க நம்பிக்கை குறையும். எங்கள் வார்டில் அதற்கு வெகு முன்பே குறைந்துவிடும்.

ஆழமாக வெந்த இடத்தில் நரம்பு நுனிகளும் எரிந்துவிடுவதால் அங்கே வலி இருக்காது. அதனால் முதல் நாள் அவள் தெளிவாகப் பேசுவாள். தண்ணீர் கேட்பாள், குழந்தை சாப்பிட்டதா என்று விசாரிப்பாள். 'நன்றாகத்தானே பேசுகிறாள்' என்று அம்மாக்காரி என் முகத்தைப் பார்ப்பாள். கிருமி இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

சட்டத்துக்கும் அந்த ஒரு நாள்தான் வேண்டும். நீதித்துறை நடுவர் வருவார், பெரும்பாலும் இரவில். உறவினரையும் போலீசாரையும் வெளியே அனுப்பிவிட்டு மரண வாக்குமூலம் பதிவு செய்வார். தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் 'நோயாளி சுயநினைவுடனும் தெளிவான மனநிலையிலும் இருக்கிறார்' என்று மருத்துவர் கையெழுத்திட வேண்டும். மருத்துவரின் சான்று இல்லையென்பதாலேயே வாக்குமூலத்தைத் தள்ளிவிடக் கூடாது என்று 2002இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. ஆனாலும் எங்களை யாரும் விட்டுவிடவில்லை.

இங்கிலாந்தின் பழைய சட்டப்படி, சாகப்போகிறோம் என்று தெரிந்து சொன்னால்தான் அது மரண வாக்குமூலம். 2024 வரை நம் நாட்டில் நடைமுறையில் இருந்த 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 32ஆம் பிரிவு அப்படிக் கேட்கவில்லை. சொல்பவருக்குச் சாவைப் பற்றிய எண்ணமே இல்லாவிட்டாலும் செல்லும். படிக்கும்போது நியாயமாகத்தான் தெரியும். கட்டிலருகே நின்றால் வேறு மாதிரி. பிழைத்து எழுந்து அதே வீட்டுக்குத் திரும்பப்போகிறவளாக அவள் பேசுகிறாள். குழந்தை அங்கே இருக்கிறது. ஸ்டவ் வெடித்தது என்கிறாள். இறந்தவளின் சொல்லாக அது கோர்ட்டுக்குப் போகும் என்பது அவளைத் தவிர அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

நடுவர் வருவதற்கு முன் ஒருத்தி கேட்டாள்: "ஐயா, நான் பிழைத்துவிடுவேன் அல்லவா?" மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம் அம்மா, தைரியமாக இரு என்றேன். எல்லோருக்கும் சொன்ன பதில்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

அதிகம் சுமந்தவர்கள் சிஸ்டர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். புண்ணில் ஒட்டாமலிருக்க வாழையிலை விரித்து, வெள்ளிக் களிம்பு தடவி, தினமும் அந்த அலறலுக்கு நடுவே கட்டு மாற்றியவர்கள் அவர்கள். நான் ரவுண்ட்ஸ் வந்து போகிறவன்.

வீட்டில் நான் எதுவும் பேசியதில்லை. ஆனால் திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் இப்படி இறந்தால் கோட்டாட்சியர் விசாரிக்க வேண்டும் என்ற விதி மனதில் ஊறிப்போயிருந்தது. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, ஏழாவது திருமண நாள் கடக்கும்வரை இரவில் போன் ஒலித்தால் எடுக்க என் கை தயங்கும். மாப்பிள்ளை தங்கமானவர். அவரிடம் இதை எப்படிச் சொல்வது?

பிறகு வீடுகளுக்கு எரிவாயு வந்தது. 2006 தேர்தலுக்குப் பின் இலவச அடுப்புடன் இணைப்பும் கொடுத்தார்கள். வார்டில் கூட்டம் குறைந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். எங்கள் மருத்துவம் எதுவும் அந்த அளவுக்கு உயிர்களைக் காப்பாற்றவில்லை என்பது என் எண்ணம்.

என்னிடம் கேட்டவளின் வழக்கு சில ஆண்டுகள் கழித்து விசாரணைக்கு வந்தது. காயத்தின் தன்மை ஸ்டவ் வெடிப்புடன் பொருந்துகிறதா என்று அரசு வழக்கறிஞர் கேட்டார். பொருந்தவில்லை என்றேன். தற்கொலையுடன் பொருந்துமா என்று எதிர்த்தரப்பு கேட்டது. பொருந்தும் என்றேன். இரண்டும் உண்மை. வெளியே வந்தபோது அவளுடைய அப்பா வழிமறித்தார்.

"பிழைக்க மாட்டாய் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா ஐயா? நடந்ததைச் சொல்லியிருப்பாளே."

அப்படிச் சொல்லியிருந்தால், டாக்டரே பயமுறுத்திச் சொல்ல வைத்தார் என்று எதிர்த்தரப்பு வாதாடியிருக்கும் என்று விளக்கினேன். அவர் தலையசைத்தார். நான் சொன்னது சட்டப்படி சரி. அவர் கேட்டது சட்டத்தைப் பற்றி இல்லை என்பது இருவருக்குமே தெரியும்.