கிக்கபூ வீட்டை வரையும்போது

கட்டடக்கலைக் கல்லூரியில் மரபு வீடுகள் பாடம் நடத்துகிறேன். வட அமெரிக்கப் பழங்குடிகளான கிக்கபூ மக்களின் குளிர்கால வீட்டை வரையச் சொன்னால், மாணவர்கள் வளைத்துக் கட்டிய மரக்கொம்புச் சட்டகத்தை அக்கறையோடு வரைகிறார்கள். மேலே போர்த்திய பாயை நான்கு கோடுகளில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு மனம் ஆறுவதில்லை. அந்த வீட்டின் உயிரே பாயில்தான் இருக்கிறது.

பாய் செய்யும் சம்பங்கோரை இலைக்குள் காற்றறைகள் நிறைந்திருக்கும். அடுக்கிப் போர்த்தினால் குளிர் எளிதில் உள்ளே வராது. நனைந்தால் இலை உப்பி இடுக்குகளை அடைத்துக்கொள்ளும், மழை வழிந்தோடிவிடும். நடுவில் தீ, உச்சியில் புகை போக வழி, கிழக்கே வாசல். வீட்டைக் கட்டுவது பெண்கள். வீடு அவர்களுக்கே உரியது. வெயில் ஏறினால் அருகிலுள்ள கோடை வீட்டுக்குக் குடிபோவார்கள். இதை வைத்து 'நாடோடிகள்' என்று எழுதும் மாணவரிடம் கடுமையாகவே பேசுகிறேன். பருவத்துக்கு வீடு மாறியது அவர்கள் விருப்பம். மண்ணை விட்டது விருப்பமல்ல.

அதனால் வீட்டின் வரைபடத்தோடு நிலப்படமும் கேட்கிறேன். 1819 எட்வர்ட்ஸ்வில் ஒப்பந்தத்தில் இல்லினாய் நிலம் போய், மிசூரிக்குப் போனார்கள். 1832இல் மிசூரி நிலமும் போய், கன்சாஸுக்குப் போனார்கள். ஒரு பிரிவினர் தெற்கே சென்று மெக்சிகோவின் கோவாவீலா மாநிலத்தில், நசிமியெந்தோவில் நிலம் பெற்றார்கள். அங்கும் விடவில்லை. 1873இல் கர்னல் மெக்கென்சியின் அமெரிக்கக் குதிரைப்படை எல்லை தாண்டி, ஆண்கள் இல்லாத நேரத்தில் ரெமொலினோ அருகே கிக்கபூ ஊர்களுக்குத் தீ வைத்தது. பெண்களையும் குழந்தைகளையும் இன்றைய ஓக்லஹோமாவுக்குக் கொண்டுபோனது. வீடு கட்டத் தெரிந்த கைகளையே பிடித்துக்கொண்டு போனார்கள்! வகுப்பில் இந்த இடத்தை என்னால் வேகமாகக் கடக்க முடிவதில்லை.

இருபதாம் நூற்றாண்டில், பண்ணை வேலைக்கு அலைந்த கிக்கபூ குடும்பங்கள் டெக்சாசின் ஈகிள் பாஸில், எல்லைப் பாலத்தின் அடியில் நாணலாலும் அட்டையாலும் குடிசை போட்டு வாழ்ந்தன. 1983இல் அவர்களை அங்கீகரிக்கும் அமெரிக்கச் சட்டம் வந்த பிறகே அவர்களுக்கு அங்கு 125 ஏக்கர் நிலம் வாங்க முடிந்தது.

பாலத்தடிக் குடிசைகள் குடியிருப்புச் சிக்கல்கள் பாடத்துக்குரியவை, மரபு வீட்டில் சேராது என்று சக ஆசிரியர் ஒருவர் வாதிடுகிறார். நான் ஒப்பவில்லை. கோரை விளையும் நீர்நிலைகளிலிருந்து விரட்டப்பட்டவர்கள் கையில் கிடைத்ததைக் கொண்டு கட்டினார்கள். கோரைப்பாய் வீட்டையும் அட்டைக் குடிசையையும் மாணவர்கள் ஒரே தாளில், ஒரே அளவுத்திட்டத்தில்தான் வரைகிறார்கள்.