சொல் விளையாட்டுக்கு ஒரு சின்ன லாக் கருவி

திருச்சியிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். “சித்தி, கொக்குன்னு சரியாத்தான் அடிக்கிறேன். தப்புன்னு சொல்லுது.” நான் ஓய்வு நேரத்தில் எழுதிவரும் தமிழ்ச் சொல் விளையாட்டைப் பற்றித்தான் சொன்னான். பிரவுசரிலேயே ஓடும் ஒரு பக்கம், நான்கு ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள், அவ்வளவுதான். சர்வர் எதுவும் இல்லை.

அடித்த சொல்லைப் பட்டியலோடு ஒப்பிடும் இடத்தில் ஒரு கன்சோல்.லாக் போட்டுப் பார்த்தேன். பிரவுசரின் கன்சோல் பலகத்தில் மதிப்பை அச்சிட்டுக் காட்டும் வரி அது; அப்படி வரும் செய்திதான் லாக். ‘கொக்கு கொக்கு ஃபால்ஸ்’ என்று வந்தது, அதாவது இரண்டும் ஒன்றல்ல. கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். நீளத்தையும் சேர்த்து அச்சிட்டபோதுதான் பிடிபட்டது: அவன் அடித்தது 6, என் பட்டியலில் இருந்தது 7. பட்டியலின் ஒரு பகுதி, பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றிய கோப்பு. அதில் ‘கொ’ என்பது க, ஒற்றைக் கொம்பு, கால் என மூன்று குறிகளாகக் கிடந்தது. விசைப்பலகையோ ஒகரக் குறியை ஒரே குறியாகத் தருகிறது. இரண்டு பக்கமும் நார்மலைஸ் செய்து, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவுக்குக் கொண்டுவந்ததும் கொக்கு சரியாகிவிட்டது.

ஆனால் அதற்குள் கோப்புகள் முழுக்க நாற்பது கன்சோல்.லாக் வரிகள். அழித்தால் அடுத்த பிழைக்கு மறுபடி எழுத வேண்டும், விட்டால் விளையாடுபவர்களின் கன்சோல் குப்பையாகும். தேவைப்படும்போது திறந்து மூடும் ஒரு குழாய் வேண்டும் என்று தோன்றியது.

முதலில் நானே ஐந்து வரியில் ஒரு ஃபங்ஷன் எழுதினேன். கொடி ஆனில் இருந்தால் அச்சிடும், இல்லையென்றால் சும்மா இருக்கும். அன்று சாயங்காலமே அதைக் கைவிட்டேன். கன்சோலில் வலது ஓரம் கோப்பின் பெயரும் வரி எண்ணும் வருமே, அங்கே எல்லாச் செய்திக்கும் என் ஃபங்ஷனின் 3-ஆம் வரியே வந்தது. எந்த இடத்திலிருந்து வந்த செய்தி என்று தெரியாவிட்டால் லாக்கில் பாதிப் பயன் போய்விடுகிறது. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

அப்புறம், பிழை தேடும் செய்திகளுக்கென்றே பிரவுசரில் இருக்கும் கன்சோல்.டீபக்கை நேரடியாகப் பயன்படுத்தினேன். குரோமில் எதுவும் தெரியவில்லை. மேலே உள்ள நிலைப் பட்டியலில் ‘வெர்போஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் அது காட்டும் என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் போனது.

‘டீபக்’ என்ற நூலகத்தையும் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயர், ஒரு நிறம். முந்தைய செய்திக்கும் இதற்கும் இடையே எத்தனை மில்லிசெகண்ட் என்பதையும் காட்டும். அழகான கருவி, ஆனால் அதில் எச்சரிக்கை, பிழை என்ற நிலைகள் இல்லை. பல பகுதிகள் கொண்ட நிரலுக்கு அது பொருந்தும். என் நான்கு கோப்புகளுக்கு நிலைகள்தான் தேவை. வின்ஸ்டன் என்ற லாக் நூலகம் நோட் (பிரவுசருக்கு வெளியே ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்) பக்கத்து ஆள், அதனால் முயலவில்லை.

கடைசியில் நின்றது ‘லாக்லெவல்’ என்ற நூலகம். சுருக்கியபின் சுமார் 1.4 கிலோபைட். டிரேஸ், டீபக், இன்ஃபோ, வார்ன், எரர் என்று ஐந்து நிலைகள், எல்லாவற்றையும் அணைக்க சைலண்ட். இது கன்சோலின் ஃபங்ஷன்களைச் சுற்றி உறை போடுவதில்லை. திறந்திருக்கும் நிலைகளுக்குக் கன்சோலின் ஃபங்ஷனையே எடுத்துக் கொடுக்கிறது, மூடிய நிலைகளுக்கு ஒன்றும் செய்யாத வெற்று ஃபங்ஷனை வைக்கிறது. அதனால் வரி எண் என் கோப்பையே காட்டுகிறது. டீபக் செய்திகளைக் கன்சோல்.லாக் வழியாகவே அனுப்புவதால் வெர்போஸ் தொல்லையும் இல்லை.

ஒரு இடத்தில் சறுக்கினேன். தொடக்க நிலையை வார்ன் என்று வைக்கச் செட்லெவல் என்று எழுதிவிட்டேன். அது நிலையைப் பிரவுசரின் சேமிப்பிடமான லோக்கல்ஸ்டோரேஜில் சேமிக்கும். கன்சோலில் கையால் டீபக் நிலைக்கு மாற்றிப் பக்கத்தை மறுபடி ஏற்றினால், என் நிரல் உடனே அதை மேலெழுதி வார்னுக்குக் கொண்டுபோய்விடும். சேமித்த நிலை இல்லாதபோது மட்டும் செயல்படும் செட்டீஃபால்ட்லெவல் என்று மாற்றியபின் சேமித்த நிலை அப்படியே நிற்கிறது. யார் கணினியிலும் ஒரு வரி தட்டி லாக்கைத் திறக்க முடிகிறது.

எந்தக் கருவி வைத்தாலும் தீராத ஒன்றும் உண்டு. எழுத்துக் கட்டங்களின் அரேயை (வரிசைப் பட்டியலை) அச்சிட்டேன். விரித்துப் பார்த்தால் இரண்டு நகர்த்தல் கழித்து இருந்த நிலை தெரிந்தது. கன்சோல் அந்தப் பொருளைப் படமெடுத்து வைப்பதில்லை, நாம் விரிக்கும் கணத்தில் இருப்பதைத்தான் காட்டுகிறது. இப்போது, பொருளை முழுதாக நகலெடுக்கும் ஸ்ட்ரக்சர்ட்குளோன் போட்டு நகலைத்தான் அச்சிடுகிறேன்.

சரி, போனில் விளையாடுபவருக்கு ஏது கன்சோல்? கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன் என்றால் யுஎஸ்பி கேபிளில் இணைத்துக் கணினியின் குரோமில் பார்த்துவிடலாம். அக்கா மகனின் போன் இருப்பது திருச்சியில். அதனால் லாக்லெவலில் ஒவ்வொரு நிலைக்குமான ஃபங்ஷனை உருவாக்கித் தரும் மெத்தட்ஃபேக்டரியை மாற்றி, வார்னும் எரரும் மட்டும் ஒரு அரேயிலும் சேரும்படி செய்தேன். கடைசி 200 செய்திகள் இருக்கும், பழையவை உதிர்ந்துவிடும். இந்த இரண்டு நிலைகளுக்கும் உறை வருவதால் வரி எண் போகும். ஆனால் குரோம் இவற்றோடு அழைப்பு வரிசையையும் தருவதால், விரித்தால் என் கோப்பைக் கண்டுபிடித்துவிடலாம். பக்கத்தின் அடியில் ‘பதிவை நகலெடு’ என்று ஒரு பொத்தான். பட்டியலில் இல்லாத சொல் வந்தால் அதன் ஒருங்குறி எண்களோடு ஒரு வார்ன் விழும்.

நேற்று வாட்ஸ்அப்பில் முதல் பதிவு வந்தது. மூன்றே வரி, மூன்றும் ஸ்ரீரங்கம். பட்டியலில் இருப்பதும் அதே சொல், இந்த முறை நீளமும் ஒன்றுதான். குறி எண்களைப் பார்த்தால், என்னுடையது 3000-இல் தொடங்குகிறது, அவன் அடித்தது 2998-இல். ஸ ஒன்று, ஶ ஒன்று. ‘ஸ்ரீ’ என்று சேர்ந்ததும் திரையில் இரண்டும் ஒரே வடிவம். என்எஃப்சி இவற்றை ஒன்றாக்காது, ஏனென்றால் இவை வேறு வேறு எழுத்துகள். ஞாயிற்றுக்கிழமை இதற்கென்று தனியாக ஒரு மாற்றுவரி எழுதிவிட்டு அவனைத் திரும்ப விளையாடச் சொல்லவேண்டும்.